புதுக் கண் ரோஸ்

தம்பி தைத்த சட்டையில் தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அக்காவுக்கு அதில் அவ்வளவு பெருமை. வாங்க வந்தவர் போதும் போதும் என்றாலும், சட்டையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் காட்டாமல் விடமாட்டாள்.

அவள் யாருக்கும் காட்டாதது ஒன்று உண்டு. தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. ரோஜாவும் சாம்பலும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. நிறம் தெரியாத தையல்காரனை நம்பி யார் துணி கொடுப்பார்கள்? அதனால் கடையிலுள்ள ஒவ்வொரு நூல்கண்டிலும் துணியிலும் அக்கா ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில் நிறத்தை எழுதிவைப்பாள். தம்பி அதைப் படித்துவிட்டுத் தைப்பான். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒருநாள் மாதா கோயில் பங்குச்சாமியார் கடைக்கு வந்தார்.

"வருஷத்துல ரெண்டே ரெண்டு ஞாயிறு, ஊதா உடைக்குப் பதிலா ரோஜா நிறத்துல போட்டுப் பூசை வைக்கலாம். இருந்த உடையை எலி தின்னுடுச்சு."

"பிங்க்தானே சாமி?" என்றாள் அக்கா.

"பிங்க் இல்லம்மா. ரோஸ்."

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

"ரோஸ் போட்டா நான் குருவானவர். பிங்க் போட்டா பிறந்தநாள் கேக்." சாமியார் எழுந்தார். "இது சரியா அமைஞ்சா, பாடகர் குழுவோட அங்கி எல்லாம் இனி உங்களுக்குத்தான்."

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலமெல்லாம் சட்டை தைத்து, ஜிப் மாற்றி, கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டவன். தோளிலிருந்து பாதம்வரை ஒரே வீச்சில் இறங்கும் அங்கிகளைத் தைக்க அவனுக்குக் கொள்ளை ஆசை. சாமியார் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே போய் முதுகை அளந்துகொண்டான்.

சிக்கல் என்னவென்றால், அக்காவுக்கு அப்போதுதான் வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை; அதில் எல்லாமே மஞ்சள் படிந்துதான் தெரியும்.

துணிக்கடையில் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். கையிலிருந்த பட்டு அசல் ரோஜா. இடது கண்ணை மூடினாள். அதே பட்டு மிட்டாய்த் தாள். இன்னொரு பட்டை எடுத்தாள். புதுக் கண்ணுக்கு அது ரோஜா. பழைய கண்ணுக்குச் செங்கல் பொடி. இதை மூடி அதைத் திறந்து, அதை மூடி இதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் நெளிந்தார்.

"அம்மா, எனக்குப் பேரப்பிள்ளை இருக்கு."

"உன் மூஞ்சிக்கு யாருய்யா கண்ணடிச்சா? ரெண்டுலயும் வெட்டு!"

வீட்டில் தம்பி இரண்டையும் விரித்துப் பார்த்தான்.

"இதுல எது ரோஸ், அக்கா?"

"கண்ணைப் பொறுத்ததுடா."

"எனக்கு ரெண்டும் சாம்பல். நல்ல ஜோடி."

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் அவன்தான். இரண்டு பட்டையும் சேர்த்து, எப்படித் திருப்பிப் போட்டாலும் நல்ல பக்கமாகவே இருக்கும்படி ஒரே உடையாகத் தைத்தான். சாமியார் பார்த்துப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளட்டும். பக்கம் மாறிவிடாமலிருக்க அக்கா வழக்கம்போல முதுகில் தாள் ஒட்டினாள். ஒருபுறம் 'பழைய கண் ரோஸ்'. மறுபுறம் 'புதுக் கண் ரோஸ்'.

ஞாயிறு காலை மணி அடிக்கும்போதுதான் தம்பி உடையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். சாமியார் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். தம்பி அந்தப் பக்கத்துத் தாளைப் பதமாக உரித்தான். அவன் வெளியே வந்ததும் சாமியார் கண்ணாடியில் பார்த்து, மனசு மாறி, அவசர அவசரமாக உடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கோயிலின் கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பவனி அவளைக் கடந்தது. சாமியாரின் முதுகில் அவளுடைய கையெழுத்து, அதுவும் கொட்டை எழுத்தில், பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 'புதுக் கண் ரோஸ்.' எட்டிப் பிடிக்கவா முடியும்? ஒவ்வொரு வரிசையாகப் படித்தது. ஒவ்வொரு வரிசையாகக் குலுங்கியது. பாடகர் குழு இரண்டாவது அடியைப் பாடவே இல்லை.

ரோஜா உடை போடும் அந்த ஞாயிறு, திருச்சபை வழக்கப்படி அகமகிழ வேண்டிய ஞாயிறு. பிரசங்கத்தில் சாமியார் நெகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷமா சொல்றேன், மகிழுங்கள்னு. இன்னைக்குத்தான் உங்களுக்கு உறைச்சிருக்கு."

பூசை முடிந்து, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை உடையைக் கழற்ற உதவியபோது தாள் கையோடு வந்தது. அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இது என்னம்மா, புதுக் கண்?" என்றார் சாமியார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "எனக்குக் கலர் தெரியாது சாமி. பிறந்ததிலிருந்தே. அக்காதான் எழுதி ஒட்டுவாங்க. அவங்களுக்கு இப்போ ஒரு கண்ணு மட்டும்தான் ஆபரேஷன் ஆகியிருக்கு."

அக்கா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சாமியார் உடையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், மடிப்போரத்தில் விரலை ஓட்டித் தையலைத் தேடினார். அகப்படவில்லை.

"அப்போ போன வருஷம் பச்சை உடைக்கு ஓரம் மடிச்சுக் கொடுத்தீங்களே, நீல நூல்ல?"

அக்கா தலையைக் குனிந்தாள். "அது பழைய கண்ணு, சாமி."

கோயில்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சாமியாரும் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்கி உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன். துணி எடுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த இன்னொரு கண்ணையும் பண்ணிட்டு வாங்கம்மா."

வாசலில் பாடகர் குழு அவர்களைப் பார்த்ததும் மறுபடி சிரிக்கத் தொடங்கியது. தம்பி கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்தான்.

"சிரிச்சது போதும், நேரா நில்லுங்க. தோளு குலுங்கினா அளவு தப்பிடும்."