ஹிஷாம் காக்காட பாட்டுகள் ஏன் இப்ப சேனல்ல இல்ல

மௌத்துச் செய்தி எனக்குப் போன்ல படமாத்தான் வந்திச்சு. ஊர்க் குறூப்பில ஆரோ போட்டிருந்தாங்க. நடுவில ஹிஷாம் காக்கா சிரிச்சிட்டு நிக்காரு. அந்தப் படம் நான் எடுத்தது! 'கச்சான் காத்து' எண்ட பாட்டுட கவர் படத்துக்குக் கடற்கரையில வெச்சு எடுத்தன். 'ஆ, எங்கட கவர் ஷேயர் ஆகுது' எண்டு ஒரு செக்கன் துள்ளினன். மறுகாதான் பாத்தன், பாட்டுட பேர வெட்டிப்போட்டு, அந்த இடத்தில ஜனாஸா அடக்குற நேரம் எழுதியிருக்கு.

பேஜில புதுசா வந்த ஆக்களுக்குச் சொல்றன். காக்கா கல்முனை பஸார்ல ஒரு ஹாட்வெயார் கடையில வேல செஞ்சவரு. தானே பாட்டெழுதி, எதிரொலி வராம அலுமாரிக்குள்ள தலைய விட்டுப் பாடி, போன்ல ரெக்கோட் பண்ணி, தானே மியூசிக் சேத்து இன்டர்நெற்றில போடுவாரு. நெஞ்சு நோகுது எண்டு ஆஸ்பத்திரிக்குப் போன மனிசன், திரும்பி வரல்ல. நான் பாண்டிருப்புத் தமிழ்ப் பெடியன். சேனலப் பாத்துக்கிட்டது நான். ஆரும் படிப்பிக்கல்ல, நானே நோண்டி நோண்டிப் படிச்சதுதான்.

முதல் பாட்டுக்குக் கீழ 'வேற லெவல் காக்கா' எண்டு எழுதினன். நான் ஆரெண்டே தெரியாம காக்கா எனக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு: "சரி தம்பி, எந்த இடம் வேற லெவல்? அதச் சொல்லு." கமெண்ட் போட்ட எல்லாருக்கும் இப்பிடித்தான். மனிசனுக்கு வேற வேல இல்லையா எண்டு நினைச்சன். ஆனா பதில் சொல்றதுக்காகவே நான் அந்தப் பாட்டத் திரும்பக் கேட்டன். அதுதான் காக்காட விளம்பரம்.

நான் எந்த நேரமும் வியூஸ் சொல்லிக்கிட்டே இருப்பன். அதால எனக்கு 'வியூஸ்' எண்டே பேர் வெச்சிட்டாரு. பெரிய பேஜ் எல்லாத்தையும் டேக் பண்ணுவம் எண்டு ஒருநாள் கேட்டன். "டேய் வியூஸ், கலியாண வீட்டு வாசல்ல நிண்டு ரோட்டால போறவன்ட கையப் புடிச்சு இழுப்பியாடா? கேளுங்க கேளுங்க எண்டு கெஞ்சாத. கேட்டவன் மறுகா ஆருக்கு அனுப்பினான், அத மட்டும் பாரு" எண்டாரு. எண்டுட்டு, ரோட்டப் பத்தி எழுதின பாட்ட கோமாரி ஊர்ல மீன் லொறி ஓடுற ஒரே ஒராளுக்கு அனுப்பினாரு. அவர் லொறிக்காரர் குறூப்புக்குப் போட, பாட்டு பிச்சுக்கிட்டுப் போயிட்டு!

கச்சான் காத்துப் பாட்டுக்கு ஒரு கிழமையா டீசர், போஸ்டர் எல்லாம் விட்டு, வெள்ளிக்கிழம பின்னேரம் போட ரெடியா இருந்தம். அண்டைக்குப் பகல், அவர்ட ஒழுங்கையில ஒரு மையத்து எண்டு பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க. காக்கா கதைச்சுப் பழகினதே இல்லாத ஒரு வயசாளி மௌத்தாயிட்டாரு. உடனே காக்கா எனக்குக் கோல் எடுத்தாரு: "நிப்பாட்டு."

"காக்கா, சொன்ன நேரத்துக்குப் போடாட்டி அல்கோரிதம் எங்களக் கீழ தள்ளிரும்!"

"அல்கோரிதத்துக்கு அயல்வீடு இல்லடா. எனக்கு இருக்கு."

மூணு நாள் கழிச்சுத்தான் பாட்டு போச்சு. பெரிசா ஓடவுமில்ல. நான் முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டன். அவர் சிரிச்சிட்டு இருந்தாரு.

மௌத்தானதுக்குப் புறகுதான் அந்தப் பாட்டு ஓடத் தொடங்கிச்சு. கட்டார்ல இருந்தும் சவூதியில இருந்தும் கமெண்ட் கொட்டுது. அவர் ஆசைப்பட்டதெல்லாம் இப்ப வருது. நான் அழுதழுது ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டிருந்தன். காக்காட வீட்ட போன நேரம் அவர்ட உம்மா கூப்பிட்டாங்க.

"மனே, நீதானே வியூஸ்?"

"ஓம் உம்மா."

"அவன் கபுறுக்குள்ள இரிக்கான். மியூசிக்கோட அவன்ட பாட்டு ஊரெல்லாம் ஓடுதாமே. அந்தப் பாவம் அவன்ட கணக்கில ஏறுதெண்டு எனக்குப் பொறுக்குதில்ல மனே. அத எடுத்துருவியா?"

பாஸ்வேர்ட் என்னட்ட மட்டும்தான் இருக்கு. ஏறிக்கொண்டிருக்கிற பாட்ட இப்ப மூடினா, திரும்ப இப்பிடி ஏறாது. அது எனக்கு நல்லாத் தெரியும். அவங்கட மார்க்கத்தில வாய் வைக்க நான் ஆரு? ஆனா காக்காட இத்தின வருச உழைப்பு. போன எடுத்துச் சேனலத் திறந்தன். அப்பதான் அந்த வெள்ளிக்கிழம நினைவு வந்திச்சு. அயலுக்கே நிப்பாட்டின மனிசன், உம்மாக்கு நிப்பாட்டாம இருப்பாரா?

அவங்களுக்கு முன்னால இருந்தே எல்லாத்தையும் பிரைவேட் ஆக்கினன். "அழிக்கல்ல உம்மா, மூடித்தான் வெச்சிருக்கன்" எண்டன். "அது போதும் மனே" எண்டாங்க. நான் எழும்பக்குள்ள மெல்லக் கேட்டாங்க: "மியூசிக் இல்லாம, அவன்ட குரல் மட்டும் இரிக்கா?"

இருந்திச்சு. அலுமாரிக்குள்ள பாடினது. அவங்கட போனுக்கு அனுப்பினன்.

நேத்து மாவடிப்பள்ளிக் கூட்டாளி ஒருத்தன் எனக்கு ஒரு ஓடியோ அனுப்பினான். "இது ஆர்ரா? எங்கட வீட்டில திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்காங்க." மேல 'பல தடவை அனுப்பப்பட்டது' எண்டு கிடந்திச்சு. திறந்தன். அலுமாரிக் கதவு கிறீச்செண்டுது. மறுகா காக்காட குரல். உம்மாட போன விட்டா அது வெளிய வர வேற வழியே இல்ல.

அதால லிங்க் கேக்காதீங்க, தர மாட்டன். உங்களுக்கு வர இருந்தா வரும். என்னட்ட மிச்சமா இருக்கிறது அந்தப் பாஸ்வேர்டும், காக்கா வெச்ச பேரும்தான். வியூஸ் எண்ணுறத விட்டுட்டன் காக்கா. ஆர் ஆருக்கு அனுப்புறாங்க எண்டு பாத்துக்கிட்டிருக்கன்.