வேல்விழியின் கணையம்

வேல்விழிக்குச் சாப்பாடு என்றாலே பயம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மணமாகி வந்து, ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்து முதுகுவரை துளைக்கும் ஒரு வலி. அல்சர் என்று மாத்திரை விழுங்கியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் கேன்டீனிலேயே சுருண்டு விழுந்தாள்.

தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கணையம் நிறையக் கல்.

"கறியைக் கரைக்கிற நீர் கணையத்துலதாம்மா சுரக்குது," என்றார் டாக்டர் எழிலரசி. "குடலுக்குப் போன பிறகுதான் அது வேலையைத் தொடங்கணும். அவசரப்பட்டா அடக்கி வைக்க அதே நீர்ல ஒரு புரதம் இருக்கு. உங்களுக்கு அந்தக் காவல் பிறவியிலேயே பலவீனம்னு நினைக்கிறேன்."

"அப்போ என் வயிறே என்னைத் திங்குதா டாக்டர்?"

டாக்டர் மறுக்கவில்லை. "கணையத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு."

மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. அறுவை செய்து கல்லை எடுத்தார்கள். வலி அடங்கியது. 'பிறவியிலேயே' என்ற சொல்தான் அவளுக்குள் அடங்கவில்லை. மகள் பூஜா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மத்தியானம் பூஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேல்விழி செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, சாதாரண வயிற்றுவலி. ஆனால் ரத்தத்தைச் சோதித்ததில் அவளுக்கும் அதே மரபணுக் குறை இருந்தது. இந்தக் குறை உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோயே வருவதில்லை என்றார் டாக்டர்.

"அதான் சொல்லிட்டாங்கள்லா, ஏன் கெடந்து பதறுத?" என்றான் கணவன் மாரிசெல்வம்.

"வரவே வராதுன்னு சொல்லலியே."

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முழுக்க மகளுக்கு என்ன ஆனாலும் தெரியாது. பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரி லீலா, "பாப்பாக்கு ஒண்ணுன்னா கம்பெனிக்கே போன் போட்றேன். நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்று தேற்றினாள்.

மறுவாரம் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு லைன் ஓரமாக நேரே அவளை நோக்கி வந்தார். வேல்விழி பிடித்திருந்த பாகம் நழுவி விழுந்தது.

"பாப்பாவுக்கு என்ன சார்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னிக்கு ஓவர்டைம் இருப்பீங்களான்னு கேக்க வந்தேன்."

முடியாது என்று தலையை ஆட்டினாள். ஷிப்ட் முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். தெருவில் பூஜா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தும் நிற்கவில்லை.