சாந்தகுணம் பழகிய வாத்தியார்

கோபக்காரன் என்று எனக்குப் பெயர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மிஷன் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் வேலை. பலகைச் சுவர், தகரக் கூரை, என் நான்காம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பிரம்பை எங்கள் ஊரில் ரோத்தான் என்போம். நான் அதைக் கையில் எடுத்தால் பக்கத்து வகுப்பும் வாயை மூடிக்கொள்ளும். ஆனாலும் அடி வாங்கிய பிள்ளை மறுநாளே அதை மறந்துவிட்டு என்னிடம் பல்லைக் காட்டும்.

பிறகுதான் நான் கெட்டுப்போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் சாந்தகுணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எந்தப் பிள்ளையையும் அடிப்பதில்லை, யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை, என் பக்கம் நியாயம் இருந்தாலும் எடுத்துச் சொல்வதில்லை என்று சபை முன்னால் எழுந்து நின்று பொருத்தனை செய்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிப்பானேன்?

அடிக்காமல் வகுப்பைக் கட்டி மேய்ப்பது எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பிள்ளை பாடம் தவறினால் குற்றம், சொல்லிக்கொடுத்த வாத்தியாருடையது. ஆகவே தவறிய பிள்ளை எழுந்து வந்து, ரோத்தானை எடுத்து, என் உள்ளங்கையில் ஓர் அடி போட வேண்டும். பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். வாத்தியார் மேல் கை நீட்டுவதா? ஒருவன் அரைக்கால்சட்டையை நனைத்துவிட்டான். நான் குரலைக் குழைத்து, "அடிப்பா, பயப்படாதே" என்பேன். எனக்கு வலித்ததே இல்லை. ரோத்தான் பேசிய நாளில்கூட வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தண்டவாளத்தில் வேலை செய்யும் கூலியின் மகள். கூலிகளின் வரிசை வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான். கணக்கில் சூரப்புலி. அடுத்த ஆண்டு கிள்ளானில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் படிக்க நானே இடம் பேசி வைத்திருந்தேன். தகப்பன் அரை மனதாகத் தலையாட்டியிருந்தான்.

ஒரு நாள் அவளுக்கு மனப்பாடப் பகுதி பாதியில் நின்றுபோனது. ரோத்தானை நீட்டினேன். வாங்கவில்லை.

"மாட்டேன் சார். நீங்க என்னை அடிங்க சார்."

"நீ அடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்கம்மா" என்றேன், தேன் ஒழுக.

ரயில்வே பட்டறையின் மதியச் சங்கு ஊதியது. பிள்ளைகளுக்குப் பசி. "அடிச்சித் தொலைடி" என்று பின்வரிசையில் பல்லைக் கடித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினாள். அடி தவறி மணிக்கட்டில் விழுந்து தோல் கிழிந்தது. நான் வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாக வீட்டுக்கு நடந்தேன். எல்லோரும் விசாரித்தார்கள். ஒரு பிள்ளை அடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அடித்தது யார் என்பது மட்டும் இருட்டுவதற்குள் வரிசை வீடுகளுக்கு எட்டிவிட்டது.

மறுநாள் காலை தகப்பன் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தான்.

"ஐயா மேலயா கைய வச்ச? உனக்கு எழுத்து சொல்லிக்குடுத்த மனுஷன்டி!"

என் மேசையிலிருந்த ரோத்தானை எடுத்து விளாசினான். அவள் சுற்றிச் சுற்றி ஓடி என் பின்னால் வந்து நின்றாள். "சார், சொல்லுங்க சார்! நீங்கதானே அடிக்கச் சொன்னீங்க!"

அவன் கையை நிறுத்தினான். "அப்படியா ஐயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தால் என் நியாயத்தை நானே பேசுவதாகிவிடும், பொருத்தனை கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பிள்ளைகள் முன்னால் ஒரு கூலிக்காரனிடம் தப்பை ஒப்புக்கொள்ள என் மானம் இடங்கொடுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளில் ஒன்றும் வாய் திறக்கவில்லை. எல்லாம் நான் வளர்த்தவைதானே.

"நான் அவளை மன்னிச்சிட்டேன். விட்டுடப்பா" என்றேன்.

அது போதுமாக இருந்தது அவனுக்கு. "பொய் வேற சொல்றியா?" என்று மறுபடியும் தொடங்கினான். ரோத்தான் நுனி பிளந்த பிறகுதான் ஓய்ந்தான்.

"இவளுக்குப் படிப்பும் வேணாம், கிள்ளானும் வேணாம் ஐயா. ரவாங் ரப்பர் தோட்டத்துல என் தங்கச்சி இருக்கா. அங்க போய்ப் புல்லு வெட்டட்டும். விழுடி, ஐயா கால்ல!"

அவள் விழுந்தாள். நான் குனிந்து அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். அவள் முகத்தைத் தூக்கினாள். அழுகை நின்றிருந்தது.

"இப்பகூடச் சொல்லலாம் சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் சாந்தமாகப் புன்னகைத்தேன்.