கதவடி வரை நடந்தவர்

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் முதுகெலும்பு ஒப்பரேஷன் சரிவந்ததா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான்: நோயாளி கதவடி வரை நடக்க வேண்டும். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒருவர் யாரையும் பிடிக்காமலே நடந்தார். நேர்ஸான நான் மகிழ்ந்துபோய் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

சில மாதங்களின் பின் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, குண்டுபோட வந்த பொம்மர் விமானம் வானத்தில் இரைந்தது. அவருடைய மனைவி முற்றத்தில் பதுங்குவதற்காக வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினார். அவர் மட்டும் அசையவில்லை.

"வாங்கோ அண்ணை."

"குனிய ஏலாது மிஸ்ஸி. நான் எப்பவும் மேலதான். நீங்கள் இறங்குங்கோ."

நான் இறங்கினேன்.

"மிஸ்ஸிதான் நல்லா நடக்கப் பண்ணிவிட்டவ எண்டு எல்லாரிட்டையும் சொல்லுவார்" என்றார் மனைவி.

தலைக்கு மேலே அவர் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது. இன்றும் யாராவது நன்றாக நடந்துகாட்டினால், எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.