கல்லாவில் கேட்டுவிட்டு அடிக்கவும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் அத்தான், அதாவது அக்காள் புருஷன், ஒரு காப்பிக் கிளப் வைத்திருந்தார். கல்லாவில் அவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். சமையல்கட்டில் விட்டால் பாத்திரம் தப்பாது, பரிமாற விட்டால் வாடிக்கை தப்பாது என்று யோசித்து, கட்டிப்போடாத குறையாக அங்கே உட்கார வைத்திருந்தார்கள். சர்க்கரை ரேஷனுக்குப் போய்விட்டதால் காப்பிக்குக் கருப்பட்டிதான். குடித்துவிட்டுப் போகிறவர்கள் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லாமல் போக மாட்டார்கள். நானும் திருப்பிச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

எங்களுக்குத் தினமும் இலைக்கட்டு கொண்டுவரும் பெண் திருவரங்குளத்துக்காரி. ஒரு நாள் கட்டை இறக்கி வைத்தவள் போகாமல் நின்றாள். அவள் புருஷன் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். முன்பு அவர் காதுக்குள் ஒரு குரல் 'அடி, அடி' என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு மண்வெட்டிக் காம்பால் பங்காளியின் மண்டையைப் பிளந்துவிட்டார். பங்காளி பிழைத்துக்கொண்டார். கோர்ட்டு இவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

"இப்பத் தேவலைங்க" என்றாள். "ஆனா ஒரு எடத்துல வேலைன்னு இருந்தாத்தான் வெளிய விட்டு வைப்பாங்களாம். அவரு மேல ஒரு பொகார் வந்தாலும் திரும்பப் பட்டணத்துக்கே ஏத்திருவாங்களாம். இன்னொரு தடவ போனா அவரு திரும்ப மாட்டாருங்க."

"கொரல் நின்னு போச்சாம்மா?" என்று கேட்டார் அத்தான்.

"இல்லீங்க. இப்ப மெதுவாத்தான் பேசுதாம்."

"அப்ப அடியும் மெதுவாத்தான் விழுமாக்கும்" என்றேன் நான். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளே ஆளை வரச் சொல்லிவிட்டார்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, சுத்தமாக, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு நின்றார். அத்தான் அவருக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். "அது என்ன சொன்னாலும் மொதல்ல கல்லாவுல வந்து கேளு. நாங்க சரின்னா அடி. வேண்டாம்னா போயி சாம்பார் ஊத்து."

அவர் சட்டத்தை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சரிங்க மொதலாளி. நீங்க கல்லாவுல இல்லாட்டி?"

"மாப்பிள்ளையக் கேளு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு மரியாதை குறைவாகத்தான் இருந்தது.

வேலையில் மனுஷரைக் குறை சொல்ல முடியாது. சாம்பார் வாளியைத் தூக்கினால் ஒரு சொட்டு கீழே விழாது. கொஞ்ச நாள் சும்மா போயிற்று. பிறகு ஒரு காலை, கடை நிரம்பி வழியும் வேளையில், வாளியோடு நேரே கல்லாவுக்கு வந்தார். கிளப்பில் பரிமாறுகிறவர்கள் எதையும் கத்தித்தான் சொல்வார்கள். இவரும் அப்படியே சொன்னார்.

"மொதலாளி, அந்த மஞ்சச் சட்டைக்காரர அடிக்கச் சொல்லுது. அடிக்கட்டுங்களா?"

அத்தான் சில்லறையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேண்டாம்ப்பா. மூணாவது மேசைக்கு சாம்பார் ஊத்து."

"சரிங்க" என்று போய் ஊற்றினார். மஞ்சள் சட்டைக்காரர் பாதி இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். இத்தோடு கடையை மூட வேண்டியதுதான் என்று நான் அக்காளிடம் போய்ச் சொன்னேன்.

நடந்தது வேறு. கூட்டம் கூடிவிட்டது. கொடும்பாளூரிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பஸ்ஸில் இறங்குகிறவர்கள், தங்களை அடிக்கச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்தார்கள். சொல்லாவிட்டால் சிலருக்கு வருத்தம். அதற்குள் யாரோ அது சாமி வாக்கு என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு பெரிய மனுஷர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, மகள் கல்யாணம் எப்போது கூடிவரும் என்று கேட்டார். நம்முடைய ஆளுக்கு வந்ததே எரிச்சல்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நெல்லு வெலையும் தெரியாது, ஒங்க மக கல்யாணமும் தெரியாது. அடின்னு மட்டுந்தான் தெரியும். சட்னி போடவா?"

வாராவாரம் போலீஸ் ஏட்டய்யா ஒருவர் வருவார். காப்பி குடிப்பார். "பொகார் உண்டா?" என்பார். "இல்லீங்க" என்பார் அத்தான். அது முடிகிறவரை இலைக்கட்டுக்காரி வாசலிலேயே நிற்பாள். முடிந்ததும் மூச்சு விட்டுக்கொண்டு ஊருக்குப் போவாள். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப்போக, ஏட்டய்யா காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கும் நேரத்தில் நானும் சில்லறையைத் தப்பாக எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு தடவை அத்தான் காப்பிக்கொட்டை வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தார். அன்று ஏட்டய்யா வரும் நாள். அவருக்கு முன்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா இரண்டு சிநேகிதர்களோடு வந்து உட்கார்ந்தார். நம்முடைய ஆளைச் சீண்டி அடிக்க வைத்துக் காட்டுவதாக அவர்களிடம் பந்தயம் கட்டியிருந்தாராம். "ஆஸ்பத்திரில சங்கிலி போட்டாங்களா? எந்தக் கால்ல?" என்று கேட்டார். நம்முடைய ஆள் அவர் இலையில் சாம்பாரை ஊற்றினார். "ஒம் பொண்டாட்டி எலை மட்டுந்தான் விக்கிறாளா?" என்றார். அதற்கும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரவே, குமாஸ்தா டம்ளரில் மிச்சமிருந்த சூடான காப்பியை அவர் பாதத்தில் ஊற்றினார்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். மெதுவாக நடந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, அடிக்கச் சொல்லுது. ரொம்பச் சொல்லுது. அடிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அது வாய்க்கே வரவில்லை. ரத்தம் மண்டைக்கு ஏறியது. பக்கத்தில் கிடந்த பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு கல்லாவை விட்டு இறங்கினேன். குமாஸ்தாவுக்கு நேரே கையை ஓங்கியும் விட்டேன். பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"தம்பி, ஒங்களுக்கும் சொல்லுதா?"

அவர் முகத்தில் கேலி இல்லை. என்மேல் உண்மையிலேயே பரிதாபப்பட்டார்.

"ஆமாண்ணே" என்றேன். அதுவரை நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"கல்லாவுல கேட்டீங்களா?"

கல்லாவில் யார் இருக்கிறார்கள்? அவரும் திரும்பிப் பார்த்தார். காலி. கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, காலை நொண்டியபடியே போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்.

"வேண்டாம் தம்பி. மூணாவது மேசைக்கு சாம்பார் ஊத்துங்க."

நான் வாளியை எடுத்தேன். மூன்றாவது மேசையில் ஒருவர் வெல்லப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன்மேல் சாம்பாரை ஊற்றினேன். பாவம், அவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் ஏட்டய்யா உள்ளே வந்தார். குமாஸ்தா துள்ளி எழுந்தார். "பைத்தியம் என்னை அடிக்க வந்துச்சு. எழுதிக்கங்க" என்றார். வாசலில் இலைக்கட்டுக்காரி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கப் போனது நாந்தாங்க" என்றேன். "தடுத்தது அவரு."

பணியாரக்காரரும் சாட்சி சொன்னார். கடையே சொன்னது. குமாஸ்தாவின் சிநேகிதர்களே தலையை ஆட்டினார்கள்.

ஏட்டய்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காப்பியை ஆற்றினார். "அவரு மேல பொகார் ஒண்ணும் இல்ல" என்றார். "ஒங்கள எங்கிட்டு ஏத்தி அனுப்புறதுன்னுதான் யோசிக்கிறேன்."

திருச்சியிலிருந்து வந்த அத்தான் அக்காளிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு, சட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். அன்று முதல் கோபம் வந்தால் நான் அண்ணனைக் கேட்க வேண்டும். எனக்கோ தினமும் வரும். கருப்பட்டிக் காப்பியை யாராவது பழித்தால் கல்லாவிலிருந்தே, "அண்ணே, சொல்லுது" என்பேன். சாம்பார் வாளியோடு எந்த மூலையில் இருந்தாலும், "வேண்டாம் தம்பி" என்பார். எத்தனையோ வருஷம் எங்களோடு இருந்தார். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் சரி என்று சொல்லவில்லை.