மரகதத்தின் வாசல் சோதனை

மரகதத்துக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். வல்லம் வடகாலில் ஹார்ட் டிஸ்க் செய்யும் கம்பெனி ஒன்றில், தூசி புகக்கூடாத அறையின் வாசலில் நின்று பெண்களைச் சோதித்து, வெள்ளை உடுப்பு மாட்டி உள்ளே அனுப்புவாள். பவுடர், கண்மை, பூ, விபூதி எதுவும் ஆகாது. லேப்டாப்புக்குப் போகும் சின்ன டிஸ்க்கோ, சிசிடிவிக்குப் போவதோ, டேட்டா சென்டருக்குப் போகும் பெரியதோ, ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் தீர்ந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பாள்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் பெரிய டிஸ்க்குகள் வரிசையாக ரிஜெக்ட் ஆயின. மைக்ரோஸ்கோப்பில் மஞ்சள் துகள் தெரிந்தது.

"யாரோ மஞ்சள் பூசிக்கினு வர்றாங்க," என்றார் சூப்பர்வைசர் சிவசங்கர்.

மரகதத்தின் மனம் நேரே தங்கமாரியிடம் போனது. தென்காசிப் பக்கத்துப் பெண், பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள், அதிகம் பேசமாட்டாள். மரகதத்துக்கு அது போதும். அந்த மாதம்தான் தங்கமாரியின் வேலை நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது.

"இன்னா பூசிக்கினு வந்த? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் பூசலக்கா. வேணும்னா பாத்துக்கிடுங்க."

மரகதம் ஈரத் துணியால் கன்னம், கழுத்து, நகக்கண் வரை துடைத்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. அப்படியும் விட்டாளா? "கெட்டிக்காரி சார், கழுவிட்டு வந்துகீறா," என்று சொல்லிவிட்டாள். தங்கமாரியைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். நிரந்தர ஆர்டரும் நின்றது. எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவள் போன பிறகும் மஞ்சள் விழுந்தது. மரகதம் அடுத்தவளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை, தான் அப்போதுதான் மாட்டிவிட்ட உடுப்பின் தோளில் மஞ்சளாக ஒரு விரல் தடம். வேறு யாரும் அதைத் தொடவில்லை. தன் விரலைப் பார்த்தாள், பிறகு கழுத்தைத் தொட்டாள். உள்ளே நகை கூடாது என்று தாலியைக் கயிற்றில் கோத்திருந்தாள். ஆடிப்பெருக்கன்று கயிறு மாற்றி மஞ்சள் பூசியது அவளேதான். பூவையும் பவுடரையும் தேடியவளுக்குத் தாலிக்கயிறு ஒரு பொருளாகவே தோன்றவில்லை.

மறைக்கவில்லை, அந்த மட்டும் நல்லவள். சிவசங்கரிடம் சொல்லிவிட்டு நேராகப் பேக்கிங்குக்குப் போனாள்.

"என் கயிறுதான்டி கண்ணு. உன்னியப் போயி தப்பா நெனச்சிட்டேன். சார்கிட்ட சொல்லிட்டேன், ஆர்டர் குடுத்துடுவாரு."

தங்கமாரி பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க குனிஞ்சு என் நகத்தப் பாக்கையிலேயே ஒங்க கழுத்துல மஞ்சளப் பாத்தேன்க்கா."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"நான் சொன்னா யாருக்கா நம்புவா?"