நீளக் கையும் குத்துவிளக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மயிலாப்பூரில் ஒரு சின்ன சபா ஹாலில் நடந்தது இது. நான் ராயப்பேட்டையில் கேட்டரிங் தொழில் செய்கிறவன். கல்யாண பிரியாணி, வலீமா விருந்து, ஆபீஸ் பார்ட்டி என்று ஓடிக்கொண்டிருக்கிற பிழைப்பு. சீன ராஜாவுக்குப் பந்தி பரிமாறுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

சபாவின் செயலாளர் அம்மா ஏதோ ஒரு கம்பெனி விருந்தில் என் சைனீஸ் ஐட்டங்களைச் சாப்பிட்டிருக்கிறார். அதை வைத்து என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். சீனாவிலிருந்து ஒரு குழு வருகிறது, அந்தக் காலத்து அரண்மனையில் விருந்து நடக்கும்போது வாசித்த இசையும் ஆடிய நடனமும் அப்படியே நடத்திக் காட்டுவார்கள், அதனால் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்தே வைக்கப் போகிறோம் என்றார். ஒரே நிபந்தனை, எல்லாம் சுத்த சைவம். முட்டை வாடைகூட ஆகாது. நான் புதுப் பாத்திரம் வாங்கித்தான் சமைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. நானாகவே செய்தேன். என்னைப் போன்றவர்களுக்குச் சில முன்ஜாக்கிரதைகள் கூடவே பிறந்தவை.

காலையில் குழுவின் தலைவர் ருசி பார்க்க வந்தார். கோபி மஞ்சூரியனை ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாக என்னவோ கேட்டார். அவர் பேச்சை எங்களுக்குச் சொல்வதற்கு வடபழனிப் பெண் ஒருத்தி இருந்தாள். சீனாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே எழுத வேண்டிய பரீட்சைக்காகக் காத்திருந்தவள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இது எந்த ஊர் சாப்பாடுன்னு கேக்கறார்ணா” என்றாள்.

அப்புறம்தான் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வாத்தியம், ஒரு ஆட்டம். பெரிய மேளம் ஒலித்தால் நாங்கள் தட்டோடு உள்ளே வர வேண்டும். புல்லாங்குழல் ஆரம்பித்துவிட்டால் எங்கே நிற்கிறோமோ அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒரு கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாது. அரசர் முன்னால் ஆட்டம் நடக்கும்போது யாரும் அசைய மாட்டார்களாம். என் ஆட்களைச் சிலை மாதிரி நிற்கப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆட வந்திருந்தது ஒரே ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். காலையில் வெந்நீர் கேட்டு என்னிடம் வந்தாள். கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்தாள். அவள் உடுப்பில் சட்டைக் கை மட்டும் கையைத் தாண்டி இன்னும் இரண்டு ஆள் நீளத்துக்குத் தொங்கியது. அதை வீசி, சுழற்றி, திரும்பச் சுருட்டிப் பிடிப்பதுதான் ஆட்டமே. பட்டா என்று கேட்டேன். “பட்டுக்கு எங்கண்ணா போறது, பாலியெஸ்டர்தான்” என்றாள் வடபழனிப் பெண்.

மேடை சின்னது. அதனால் வாத்தியக்காரர்கள் மட்டும் மேடையில். கீழே மூன்று பக்கமும் சாப்பாட்டு மேஜைகள், நடுவில் ஆடுவதற்கு இடம். காலையில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குத்துவிளக்கு வந்து சேர்ந்ததோ அதற்கப்புறம். மேடையும் தரையும் சேருகிற மூலையில் வைத்து, பூச்சுற்றி, ஐந்து திரியும் ஏற்றித் தொடங்கினார்கள். வழக்கமாக ஏற்றியதும் ஓரமாக நகர்த்திவிடுவார்கள். அன்று எண்ணெய் தளும்ப ஊற்றியிருந்ததால் யாரும் தொடத் துணியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஹாலில் எத்தனையோ பரதநாட்டியம் அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. உடம்போடு தைத்த உடுப்பைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு நீளக் கையின் ஆபத்து தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

சூப்புக்கான மேளம் ஒலித்தது. கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு நான் மேடையோரமாக வந்துகொண்டிருந்தேன். பாதியிலேயே குழல் ஆரம்பித்துவிட்டது. நின்றேன். விளக்கு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்தப் பெண் விருந்தாளிகளைப் பார்த்தபடி, விளக்குக்கு முதுகைக் காட்டி ஆடினாள். கையை முன்னால் வீசினாள், அழகாக இருந்தது. அப்புறம் பின்னால் வீசினாள். துணி விளக்கின் மேலாகப் போனது. சுடர் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. என் சமையல்கூடத்தில் ஒருமுறை வேலைக்கு வந்த பெண்ணின் நைலான் துப்பட்டா பற்றியதைப் பார்த்தவன் நான். அந்த மாதிரித் துணி எரிந்து உதிராது, உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த அலறல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் அவள் திரும்புவாள், திரும்பினால் கை நேராக விளக்கில் போய் விழும். செயலாளர் அம்மாவைப் பார்த்தேன். அவர் எதிர்ப்பக்கம், ஆட்டத்தில் லயித்திருந்தார். வடபழனிப் பெண் இன்னும் தூரத்தில் இருந்தாள். ஒரே வழி, விளக்கை அணைப்பது.

அங்கேதான் தயங்கினேன். எரிகிற விளக்கை அணைப்பது என்று வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள், குளிர வைப்பது என்பார்கள். நிகழ்ச்சி நடுவில் அதைச் செய்வது எத்தனை அபசகுனம் என்று எனக்குத் தெரியும். என் கோட்டில் பெயர் எழுதிய பேட்ஜ். அதைப் படித்தால் நான் யார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். சுற்றிலும் செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த வீடியோவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் என்ன தெரியும்? பாய் ஒருத்தர் சபாவில் புகுந்து குத்துவிளக்கை அணைக்கிறார். அதுதான் தெரியும். அந்த நீளக் கை தெரியாது. என் கடை, என் மகள் படிக்கிற காலேஜ், நாங்கள் குடியிருக்கிற தெரு, எல்லாம் கண்முன் வந்து போயின.

மறுபடியும் கை பின்னால் வந்தது. இந்தத் தடவை சுடரே துணியை நோக்கி எம்பியது.

தட்டைத் தரையில் வைத்துவிட்டேன். வாயால் ஊதக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. விரலாலேயே திரியைக் கிள்ளினேன். சுட்டதா என்று அப்போது தெரியவில்லை. ஒன்று, இன்னொன்று என்று அணைத்துக்கொண்டே வந்தேன். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. கடைசித் திரியை நசுக்கிய அதே நொடி அந்த நீளக் கை என் கைமேலும் விளக்கின்மேலும் வந்து விழுந்தது. அவள் வெடுக்கென்று இழுத்தாள், துணி வந்துவிட்டது. அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. துணியின் நுனியில் கரியும் எண்ணெயும் அப்பியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். விளக்கிலிருந்து புகை எழும்பி என் முகத்தில் அடித்தது.

குழல் நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “யாரு விளக்கை அணைச்சது?” என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. ஒரு போன் மட்டும் இன்னும் என் பக்கமே நீட்டியபடி இருந்தது.

“நான்தான் குளிர வைக்கச் சொன்னேன். அந்தக் குழந்தையோட கை பட்டுடுமோன்னு பயமா இருந்தது” என்று ஒரு குரல் கேட்டது.

செயலாளர் அம்மா. அவர் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. நான் விளக்கருகே போகும்வரை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொன்ன கையோடு நேராக ஆடின பெண்ணிடம் போய், அவள் சட்டைக் கையின் நுனியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். கரி அப்பியிருந்தது. கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் வெளிறி, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அப்புறம் அந்த அம்மா என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், “கையைக் காட்டுங்கோ பாய்” என்றார். ஜூஸ் வைத்திருந்த மேஜையிலிருந்து ஐஸை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். “போய் அடுத்த ஐட்டத்தைப் பாருங்கோ, மேளம் அடிக்கப் போறா” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

அதற்கப்புறம் நாலைந்து நாள் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் குரூப்பில் என்ன வீடியோ வந்தாலும் உடனே திறந்து பார்ப்பேன். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று வீட்டில் திட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. விரல் கொப்புளங்களும் ஆறிவிட்டன.

ஒரு பெண்ணைக் காப்பாற்றினேன் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்கிறார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த அம்மா சொன்ன பொய். அதை நினைக்கும்போதெல்லாம் நன்றியில் கண் கலங்குகிறது, கூடவே ஒரு பயமும் வருகிறது. ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொல்ல அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நான் எதற்குப் பயந்தேன் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.